கடைசியாக ஓடி வருபவருக்கும் இடம் உண்டா?

சென்னையில் ஒரு ஓட்டக் குழுவில் 11 வருடமாக ஓடுகிறேன். ஞாயிறு காலையில் புதியவர்களோடு கடைசியாக ஓடி வருவது என் பொறுப்பு. குழுவில் சேரத் தயங்குகிறவர்கள் கேட்ட சில கேள்விகளும் என் பதில்களும் இவை.

கேள்வி: ஒரு கிலோமீட்டருக்கு எனக்கு 9 நிமிடம் ஆகிறது. கொஞ்சம் வேகம் வந்த பிறகு சேரலாமா?

பதில்: வேண்டாம், இந்த ஞாயிறே வாருங்கள். உங்கள் வேகத்தில் 5 கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம். அப்படி ஓடுகிறவர்கள் எங்களிடம் எப்போதும் இருக்கிறார்கள். தனியாகப் பழகுகிறவர்கள் பலர் தேவைக்கு மேல் வேகமாக ஓடி, மூச்சிரைத்து, ‘நமக்கு ஒத்து வராது’ என்று விட்டுவிடுகிறார்கள். மெதுவாக ஓடப் பழகத்தான் பக்கத்தில் ஆள் வேண்டும்.

நானும் முதல் நாள் அந்தத் தப்பைத்தான் செய்தேன். மெரினாவில் கலங்கரை விளக்கத்திலிருந்து நேப்பியர் பாலம் வரை போய்த் திரும்ப வேண்டும். முன்னால் போனவர்களை விடக் கூடாதென்று ஓடி, கண்ணகி சிலைக்குப் பக்கத்தில் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பின்னால் வந்த பெரியவர் ஒருவர் நின்றார். தன் கடிகாரத்தை அழுத்தி நிறுத்திவிட்டு, தண்ணீர் பாட்டிலை நீட்டினார். “எந்திரிங்க தம்பி. அந்த விளக்குக் கம்பம் வரைக்கும் நடப்போம், அடுத்த கம்பம் வரைக்கும் ஓடுவோம்.” கம்பம் கம்பமாகவே திரும்பி வந்தோம். அன்றைக்கு அவர் நிற்காமல் போயிருந்தால் நான் மறுபடி வந்திருக்க மாட்டேன்.

கேள்வி: நடுவில் நடந்தால் மட்டமாக நினைப்பார்களா?

பதில்: மாட்டார்கள். 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் கேலோவே புதியவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததே இந்த முறைதான். ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று தொடங்குங்கள். களைத்த பிறகு நடப்பதல்ல, களைப்பதற்கு முன்பே நடப்பது.

கேள்வி: சரியான வேகம் எது?

பதில்: பக்கத்தில் ஓடுகிறவரிடம் ஒரு முழு வாக்கியம் திணறாமல் பேச முடிய வேண்டும், அவ்வளவுதான். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: சென்னைக் காற்றின் ஈரத்தில் வியர்வை சீக்கிரம் காயாது, உடம்புச் சூடு இறங்காது. டிசம்பரில் சுகமாக ஓடிய அதே வேகம் மே மாதத்தில் நெஞ்சைப் படபடக்க வைக்கும். கோடையில் நான் கடிகாரத்தையே பார்ப்பதில்லை.

கேள்வி: விலை உயர்ந்த ஷூ வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஓடுவதற்கென்றே செய்த ஷூவாக, கட்டைவிரலுக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டிருந்தால் போதும். சாயங்காலம் போய் வாங்குங்கள், அப்போதுதான் பாதம் சற்று வீங்கியிருக்கும்.

கேள்வி: வயது 56, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன்.

பதில்: முதலில் டாக்டரிடம் கேளுங்கள், ஐயா. சில மாத்திரைகளோடு ஓடினால் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். உங்களுக்குச் சர்க்கரை இருப்பதை உங்களோடு ஓடுகிற ஒருவரிடமாவது சொல்லிவையுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

கேள்வி: காலை 5 மணிக்கு இருட்டாக இருக்குமே? நான் தனியாக வரும் பெண்.

பதில்: நியாயமான கவலைதான். முதல் முறை வரும்போது, உங்கள் வேகத்தில் ஓடும் பெண்கள் யார் என்று முன்கூட்டியே கேளுங்கள். கடைசி ஆள் வந்து சேரும் வரை காத்திருக்கிற குழுவா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் வேறு குழு பாருங்கள்.