நீலகிரியில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் சூழல் பணியைத் தாமே முன்னின்று நடத்த முடியுமா?

முடியும், ஆனால் மாணவர் தலைமை என்பது சுற்றுச்சூழல் நாளில் பதாகை பிடிப்பதோடு நின்றுவிடாமல் இருக்க, தலைமையாசிரியர் ஏதேனும் ஒரு முடிவையாவது உண்மையாகவே பிள்ளைகளிடம் விட்டுவிட வேண்டும்.

அதற்கு உணவுக் கழிவே நல்ல தொடக்கம் என்பேன். அரசுப் பள்ளிகளில் காலை உணவும் சத்துணவும் வழங்கப்படுவதால், நாள்தோறும் மிஞ்சுவதை நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எடைபோட்டுக் கரும்பலகையில் எழுதலாம். முதலில் குறைவாகப் பரிமாறி, கேட்போருக்கு மீண்டும் தரும்படி சொல்லும் உரிமையும் (இதுதான் பெரியவர்களுக்குக் கடினம்) அவர்களுக்கு இருக்க வேண்டும்.

மிஞ்சியதை உரமாக்குவதானால், 2,200 மீட்டருக்கு மேலுள்ள உதகையின் குளிரில் அது மக்கச் சமவெளியைவிடக் கூடுதல் காலமாகும்; திறந்த குழியோ கரடியையும் காட்டுப்பன்றியையும் வரவழைத்துவிடும். ஆகவே இறுக மூடும் தொட்டி, உலர்ந்த சருகு, கிளறிவிடப் பெரியவர் ஒருவர் ஆகியவை தேவை. பொறுப்பை மாதந்தோறும் மாற்றுங்கள். இல்லையென்றால் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்றே எல்லாவற்றையும் செய்துவிடும்.