'லேப்பெட்': ஆயரின் தொப்பியில் தொங்குவதை எப்படிச் சொல்வது?

வணக்கம். மொழிபெயர்ப்பில் 'ஆயரின் (கிறிஸ்தவ பிஷப்பின்) தொப்பிக்குப் பின்னால் இரண்டு லேப்பெட்' என்ற இடத்தில் நிற்பதாகவும், அகராதி 'மடிப்பு' என்று மட்டும் தருவதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்த இடத்தில் 'மடிப்பு' பொருந்தாது. அங்கே மடிந்திருப்பது எதுவும் இல்லை. முதுகுப்பக்கம் இறங்கும் இரண்டு துணிப்பட்டைகள்தான் அவை. லத்தீனில் அவற்றை 'இன்ஃபுலே' என்பார்கள். நான் 'தொங்குபட்டை' என்றே எழுதுவேன்.

ஆனால் அகராதி சொல்வதும் காரணமில்லாமல் இல்லை. பழைய ஆங்கிலத்தில் 'லேப்பா' என்றால் ஆடையின் தொங்கும் ஓரம். அதிலிருந்து வந்தது 'லேப்'. சிறுமையைக் குறிக்கும் 'எட்' விகுதி சேர்ந்ததும் 'லேப்பெட்', அதாவது சிறு தொங்கல். கோட்டின் மார்புப்பக்கம் மடித்துவிட்டிருக்கும் 'லேப்பெல்' இதற்கு உடன்பிறப்பு. உட்காரும்போது ஆடை விழும் இடத்துக்கும் 'லேப்' என்ற பெயர் பிற்பாடு ஒட்டிக்கொண்டது. லேப்டாப்பில் இருப்பது அந்தப் பொருள். நம் 'மடி'யும் மடிப்பதையும் சொல்லும், குழந்தை உட்காரும் இடத்தையும் சொல்லும். இரண்டு மொழிகளும் தனித்தனியே இங்கே வந்து சேர்ந்திருப்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

அதே நூலில் விட்டில்பூச்சி பற்றி 'லேப்பெட்' வந்தால் அங்கே 'தொங்குபட்டை' போடாதீர்கள். அது அந்தப் பூச்சியின் புழுப்பருவத்தில் உடலின் இரு பக்கமும் இருக்கும் சிறு சதை மடல்களால் வந்த பெயர்.