பெஞ்ச்ல வெச்சு சுட்டும் குரூப் சிதறுதா? ஏர் ரைஃபிள் கேள்வி பதில்

தண்டையார்பேட்டை தம்பி: ணா, ஸ்பிரிங் கன் வெச்சிருக்கேன், 10 மீட்டர். மணல் மூட்டை மேல வெச்சு நல்லா இறுக்கிப் புடிச்சுதான் சுடறேன், ஆனா குரூப்பே (ஒரே குறிக்கு சுட்ட ஓட்டைங்க கூட்டம்) சேரல, ஒவ்வொண்ணும் ஒரு பக்கம் போவுது. சும்மா கையில தூக்கி சுட்டா இதவிட நல்லா வருது. இன்னாணா இது?

இறுக்கிப் புடிக்கிறதுதான்பா பிரச்சனை. ஸ்பிரிங் கன்ல ட்ரிக்கர் விட்டதும் உள்ள பிஸ்டன் முன்னால பாயும், கன்னு பின்னால உதைக்கும், அப்புறம் பிஸ்டன் முனைல போய் நின்னதும் கன்னு திரும்ப முன்னால குதிக்கும், இந்த ஆட்டம் ஆரம்பிக்கும்போது பெல்லட் (ஈயக் குண்டு) இன்னும் பேரல் குழாய்க்குள்ளதான் கீது. ஆட்டத்த உன்னால நிறுத்த முடியாது, ஆனா ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரே மாதிரி ஆட விடலாம். நீ ஒரு தபா இறுக்கி ஒரு தபா தளர்த்திப் புடிச்சா எப்படி ஒரே எடத்துல விழும்?

மூட்டை மேல உன் இடது உள்ளங்கைய விரிச்சு வை, அது மேல கன்ன சும்மா கெடத்து, கைக்குழந்தைய ஏந்துற மாதிரி, விரல மடக்காத. தோள்ல லேசா தொட்டா போதும். கை எங்க இருக்குதோ அந்த எடத்துல ஸ்டாக்ல (கன்னோட கட்டை பாகம்) சின்னதா டேப் ஒட்டிக்கோ. அரை இஞ்ச் முன்ன, அரை இஞ்ச் பின்ன மாத்தி ஒவ்வொரு எடத்துலயும் ஒரு குரூப் போட்டுப் பாரு, ஒரு எடத்துல தானா சுருங்கும், அப்புறம் அந்த டேப்ப விட்டு நகராத. இன்னொண்ணு, குறி வெச்சுட்டு கண்ண மூடி ஒரு மூச்சு விட்டு தொற. க்ராஸ்ஹேர் (ஸ்கோப்ல தெரியற கூட்டல் குறி) விலகியிருந்தா கையால தள்ளி சரி பண்ணாத, நாற்காலிய நகத்து.

பெரம்பூர்: சார், என்னோடது பிசிபி (முன்னாடியே அடைச்சு வெச்ச காத்துல சுடறது), அதுக்கும் இதேதானா?

இல்ல சார், அதுல பிஸ்டன் உதையே கிடையாது, தாராளமா மூட்டை மேலயே வைக்கலாம். ரெகுலேட்டர் (ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரே அழுத்தத்துல காத்து விடற பாகம்) இல்லாத கன்னுன்னா மட்டும் காத்து இறங்க இறங்க வேகம் மாறும், கேஜ் பாத்து ஒரே பிரஷர் ரேஞ்சுக்குள்ள சுடுங்க.

வண்ணாரப்பேட்டை: பாஸ், போன வாரம் ஜீரோ பண்ண (குறி வெச்ச எடத்துலயே விழற மாதிரி சரி பண்ண) ஸ்கோப், இன்னிக்கு ரெண்டு இஞ்ச் தள்ளி அடிக்குது. ஸ்கோப் போயிடுச்சா?

ஸ்கோப்ப திட்றதுக்கு முன்னாடி ஸ்டாக் ஸ்க்ரூவ பாருங்க, அந்த அதிர்வுல மொதல்ல லூஸ் ஆவறது அதுதான். அப்புறம் மவுன்ட் (ஸ்கோப்ப கன்னோட புடிச்சிருக்கற கிளாம்ப்) பின்னால நழுவிருக்கான்னு பாருங்க, நழுவாம தடுக்கற ஸ்டாப் பின் இருக்கற மவுன்ட் போடுங்க. எல்லாம் டைட்டா இருந்தும் கொஞ்சம் மாறினா பேரலாக்ஸா இருக்கலாம், அதாவது கண்ணு நகந்தா குறியும் நகந்த மாதிரி தெரியறது. நிறைய ஸ்கோப்ப 100 கெஜத்துக்கு செட் பண்ணி விக்கறாங்க, 10 மீட்டர்ல தலைய கொஞ்சம் அசைச்சாலே குறி நகரும். முன்னால திருகி 10 மீட்டருக்கு வைக்கற மாதிரி ஸ்கோப்பா இருந்தா நல்லது, இல்லன்னா கன்னத்த ஒவ்வொரு தடவயும் அதே எடத்துல வைங்க.

எண்ணூர்: கடல் காத்துல துரு புடிக்குதுன்னு பேரலுக்குள்ள நல்லா எண்ணெய் விட்டேன், இப்போ சுட்டா பொகை வருது, சத்தமும் ஜாஸ்தி.

ஐயையோ, இனிமே விடாதீங்க. உள்ள போன எண்ணெய் அந்த அழுத்தத்துல பத்திக்கும், வேகம் ஷாட்டுக்கு ஷாட் மாறும், சீலும் (காத்து கசியாம அடைக்கற வளையம்) ஸ்பிரிங்கும் சேதமாவும். பேரல காஞ்ச துணி போட்டு தொடச்சு எடுங்க. நம்ம பக்கத்து உப்புக் காத்துக்கு வெளி உலோகத்துல மட்டும் எண்ணெய்த் துணியால தொடச்சா போதும், சுட்டு முடிச்ச அன்னிக்கே பண்ணுங்க, கை வேர்வையும் துருதான்.

ராயபுரம்: பெல்லட் எது நல்லதுணா?

உங்க பேரலுக்கு எது புடிக்குதோ அது. ஒரே 4.5 எம்எம்னாலும் தலை அளவு 4.50, 4.51, 4.52ன்னு வரும், ரெண்டு மூணு டப்பா வாங்கி சோதிங்க. புது பெல்லட் போட்டதும் மொத கொஞ்சம் ஷாட்ட கணக்குல எடுக்காதீங்க. பாவாடை (பெல்லட்டோட பின்பக்க விளிம்பு) நசுங்குனத ஒதுக்கிடுங்க. அப்புறம் அது ஈயம், கை கழுவாம டீக்கு பன்னு தொடாதீங்க.

குரூப் அளக்கறப்ப ஓட்டைகளோட வெளி ஓரத்துலருந்து வெளி ஓரம் அளந்து பெல்லட் அளவு 4.5 எம்எம் கழிங்க. 10 ஷாட் போடுங்க, தள்ளிப் போனத "அது கணக்கு இல்ல"ன்னு விட்றாதீங்க, அதுதான் உங்களுக்கு விஷயம் சொல்லுது.

கொருக்குப்பேட்டை: மொட்டை மாடில பெஞ்ச் போட்டு சுடலாமாணா?

வேணாம்பா. 4.5 எம்எம், சக்தி 20 ஜூலுக்குள்ளன்னா லைசென்ஸ் கேக்க மாட்டாங்கதான், ஆனா பெல்லட் குறிய தப்புனா நூறு மீட்டருக்கு மேல சாதாரணமா போகும், நம்ம ஏரியால அடுத்த மாடில யாராவது துணி காயப்போட்டுட்டு இருப்பாங்க, ஒருத்தர் கண்ணு போனா என்ன பண்ணுவ? ரேஞ்சுக்குப் போ. அங்க காத்து தொல்லையும் இருக்காது.

வியாசர்பாடி அக்கா: பையன் போட்டிக்கு போகணும்ன்றான், பெஞ்ச் பழக்கம் உதவுமா?

உதவும்க்கா, ஆனா 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டி நின்னுகிட்டு சுடறது, பெஞ்ச் கிடையாது, 10 பாயின்ட் புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர். 2012 லண்டன்ல அதுல வெண்கலம் வாங்குன ககன் நரங் சென்னைல பொறந்தவரு. பெஞ்ச்ல ட்ரிக்கர மெதுவா அழுத்தவும், சுட்ட பிறகும் ரெண்டு செகண்ட் குறிய விட்டு கண்ண எடுக்காம இருக்கவும் பழக்குங்க, அது ரெண்டும் நிக்கும்போதும் அப்படியே கூட வரும். ஸ்பிரிங் கன்னுன்னா மட்டும் பெல்லட் போடாம ட்ரிக்கர் தட்டி பழக விடாதீங்க, பிஸ்டன் முட்டி சீல் கெட்டுடும்.