ரப்பர்: அழிப்பானா, மரமா, எது முதலில்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பால் மரத்தை, அதாவது ரப்பர் மரத்தைப் பார்த்தே வளர்ந்த பிள்ளை கேட்கும் நல்ல கேள்வி இது: ரப்பர் என்ற பெயர் மரத்திலிருந்து அழிப்பானுக்கு வந்ததா, இல்லை தலைகீழா?

தலைகீழ்தான். ஆங்கிலத்தில் 'ரப்' என்றால் தேய், 'ரப்பர்' என்றால் தேய்ப்பது, அவ்வளவே. இந்த மரப்பால் ஐரோப்பாவில் பழக்கமாவதற்கு வெகு முன்பே, துடைக்கும் துணி, சாணைக்கல் எல்லாமே அங்கே ரப்பர்தான். அப்புறம் 1770இல் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற விஞ்ஞானி, தென் அமெரிக்க மரப்பாலில் செய்த ஒரு கட்டி பென்சில் கோட்டை அருமையாக அழிக்கிறது என்று எழுதினார். அதுவரை ரொட்டித் துண்டால் அழித்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கும்! தேய்த்து அழித்ததால் அந்தப் பொருளே ரப்பர் ஆனது, பிறகு அதைத் தரும் மரமும் ரப்பர் மரம் ஆனது. மரம் நம் பக்கம் வந்தது அதற்கு நூறு வருஷத்துக்கு மேல் கழித்து, 1877இல்தான். சிங்கப்பூர் வந்த நாற்றுகளில் சில பக்கத்துக் கோலகங்சாரிலேயே நடப்பட்டன.

'இந்தியா ரப்பர்' என்ற பழைய பெயரைப் பார்த்து நம் இந்தியாவை நினைக்க வேண்டாம், அது அமெரிக்கப் பக்கத்து 'இண்டீஸ்', அதாவது மேற்கிந்தியத் தீவுகள்.

ரப்பர் என்ற சொல் வரும் இன்னொரு வழக்கு, யோசிக்காமல் கையெழுத்துப் போடுகிறவரை 'ரப்பர் ஸ்டாம்ப்' என்பது.

முக்கியமாக, அமெரிக்காவுக்குப் படிக்கப் போனால் கடையில் அழிப்பானை 'இரேசர்' என்றே கேளுங்கள். அங்கே பேச்சுவழக்கில் ரப்பர் என்றால் ஆணுறை.