கேள்வி – பதில்: வளாகமும் இடைநிற்றலும்

கே: அமெரிக்காவின் கறுப்பினக் கல்லூரிகளில் ஆசிரியர்கள் மாணவர்களைச் சொந்தப் பிள்ளைகளைப்போல் கவனிப்பார்களாமே. பிறகு ஏன் மாணவர்கள் பலர் முதலாண்டோடு நின்றுவிடுகிறார்கள்? – வாசகி, திருச்சி

ப: கவனிப்பது உண்மைதான். ஆனால் வளாகம் என்பது வகுப்பறை மட்டுமல்ல. கட்டணக் கவுன்டரும் விடுதி அறையும் அதில் அடக்கம். இங்கு படிப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ‘பெல்’ உதவித்தொகை வாங்கும் ஏழைக் குடும்பத்தினர். சில நூறு டாலர் பாக்கி நின்றாலே பல இடங்களில் கணக்கை முடக்கிவிடுவார்கள். அடுத்த பருவத்துக்குப் பாடங்களைப் பதிய முடியாது. நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளையும் டிசம்பரில் ஊருக்குப் போனால் போனதுதான். 2011இல், பிள்ளைகளின் படிப்புக்காகப் பெற்றோர் வாங்கும் ‘பிளஸ்’ கடனின் விதியை மத்தியக் கல்வித்துறை இறுக்கியது. ஆசிரியர்களின் அன்பு அப்படியேதான் இருந்தது. ஆயிரக்கணக்கானோரின் படிப்பு தடைப்பட்டது. 2014இல்தான் விதியைத் திருத்தினார்கள்.

அடுத்தது விடுதி. 2021 அக்டோபரில் வாஷிங்டனின் ஹோவர்ட் பல்கலைக்கழக மாணவர்கள் பூஞ்சை படிந்த அறைகளை எதிர்த்து, வளாகத்திலுள்ள பிளாக்பர்ன் மையத்தில் ஒரு மாதத்துக்கும் மேல் தங்கிப் போராடினார்கள். அது தனியார் பல்கலைக்கழகம். அரசுக் கல்லூரிகளின் கதை வேறு: டென்னசி ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் முப்பது ஆண்டுகளில் மாநில அரசு சுமார் 210 கோடி டாலர் குறைவாகக் கொடுத்திருக்கிறது என்று 2023இல் மத்திய அரசே ஆளுநருக்கு எழுதியது. பழுதுபார்க்கப் பணம் எங்கிருந்து வரும்?

கே: ஒரு கல்லூரி மாணவர்களைத் தக்கவைக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? – வாசகர், அட்லாண்டா

ப: அமெரிக்கக் கல்வித்துறையின் ‘காலேஜ் நேவிகேட்டர்’ இணையதளத்தில் இரண்டாம் ஆண்டுக்குத் திரும்பியோர் விகிதம் இலவசமாகக் கிடைக்கும். முதன்முறையாகச் சேர்ந்த முழுநேர மாணவர்களுக்கான கணக்கு அது. வேறு கல்லூரிக்கு மாறிப் போய் நன்றாகப் படிப்பவரும் அதில் ‘திரும்பாதவர்’தான். பெல் உதவித்தொகை வாங்குவோர் விகிதம் ஒத்த கல்லூரிகளோடு மட்டும் ஒப்பிடுங்கள். பணக்காரக் கல்லூரியோடு ஒப்பிடுவது அநியாயம். நேரில் போனால் கேட்க வேண்டியவை: எத்தனை டாலர் பாக்கிக்குக் கணக்கை முடக்குவீர்கள்? அவசர உதவித்தொகை எத்தனை நாளில் கைக்கு வரும்? இரண்டாம் ஆண்டில் விடுதி நிச்சயமா? வகுப்புக்கு வராத பிள்ளையை ஐந்தாம் வாரத்துக்குள் யார் கூப்பிட்டு விசாரிப்பார்? கடைசிக் கேள்விக்குக் குழு, திட்டம் என்று பெயர் சொல்வார்கள். ஆளைக் காட்டச் சொல்லுங்கள்.

கே: கறுப்பினக் கல்லூரிகளில் கறுப்பினத்தவர் மட்டுமே சேரலாமா? – வாசகர், மதுரை

ப: இல்லை. 1964க்கு முன் கறுப்பினத்தவரின் கல்விக்கென்று தொடங்கப்பட்டவை, அவ்வளவுதான். யாரும் சேரலாம். மேற்கு வர்ஜீனியாவின் புளூஃபீல்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் வெள்ளையரே பெரும்பான்மை!