சந்தனச் சாம்பலா, விபூதிச் சாம்பலா?

கேள்வி: ஷெர்வின்-வில்லியம்ஸ் சாய நிறுவனத்தின் ‘அக்ரீயபிள் கிரே’, ‘ரிப்போஸ் கிரே’ என்ற சாம்பல் நிறங்கள் இரண்டும் எனக்கு ஒன்றுபோலவே தெரிகின்றன. வரவேற்பறைக்கு எது பொருந்தும்? (வாசகி, செந்தூல்)

கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 100 என்று வைத்தால், ஒளியைத் திருப்பி அனுப்பும் அளவு முதலாவதற்கு 60, இரண்டாவதற்கு 58. இந்த வேறுபாடு கண்ணுக்கு அகப்படாது. அடிநிறத்தைப் பாருங்கள். வெள்ளைத் தாளின்மேல் இரண்டு அட்டைகளையும் ஒட்டினாற்போல் வையுங்கள். முதலாவதில் சந்தனச் சாயல் எட்டிப் பார்க்கும். இரண்டாவது விபூதிப் பக்கம் சாயும். வரிசை வீடுகளின் வரவேற்பறையில் பெரும்பாலும் வாசல் வெளிச்சம் மட்டுமே விழும். பகலிலும் வெள்ளைக் குழல் விளக்கு எரியும். அந்த ஒளியில் ரிப்போஸ் கிரே நீலம் பாய்ந்து வெளிறிவிடும். நான் முதலாவதைத்தான் பூசுவேன்.

கேள்வி: வடக்கு பார்த்த அறைக்கு மஞ்சளோ சிவப்போ ஓடிய சூடான நிறம்தான் வேண்டும் என்கிறார்களே? (வாசகர், பட்டர்வொர்த், பினாங்கு)

அது லண்டன் போன்ற ஊர்களுக்கான விதி. அங்கே நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கில்தான் இருக்கும்; வடக்கு அறைக்கு நண்பகல் வெயில் வராது. பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 5 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை நண்பகல் சூரியன் உங்களுக்கு வடக்கில் நிற்கும். ஆகவே கிழக்கா மேற்கா என்பதையே முதலில் பாருங்கள். மேற்கு அறையில் மாலை வெயில் எந்தச் சாம்பலையும் பொன்னிறமாக்கிவிடும். அங்கே விபூதிச் சாம்பல் அழகாக நிற்கும்.

கேள்வி: சுவரிலேயே கொஞ்சம் பூசிப் பார்த்தால் போதாதா?

தயவுசெய்து வேண்டாம். என் வீட்டில் பழைய இளம்பச்சைச் சுவரின் நடுவில் ஒரு கை அகலத்துக்குப் பூசிப் பார்த்தேன். மெல்லிய இளஞ்சிவப்பு ஓடிய அருமையான சாம்பல்! நம்பி அறை முழுக்கப் பூசினோம். அந்த இளஞ்சிவப்பைக் காணவில்லை. சுற்றியிருந்த பச்சைதான் கண்ணை ஏமாற்றியிருந்தது. இரண்டடிச் சதுர வெள்ளை அட்டையில், ஓரத்தில் வெள்ளை விட்டு, இரண்டு கை பூசுங்கள். நன்றாகக் காயட்டும், ஈரத்தில் தெரிவது உண்மையான நிறமல்ல. பிறகு காலை, பிற்பகல், இரவு விளக்கு என மூன்று வேளையும், சன்னலோரத்திலும் உள்மூலையிலும் மாற்றி மாற்றிச் சாய்த்துப் பாருங்கள். சன்னலுக்கு வெளியே மாமரம் இருந்தால் அதன் பச்சையும் சுவரில் விழும்.

கேள்வி: பூசை அறைக்கும் இதே நிறம் பூசலாமா?

பூசலாம். எண்ணெய் விளக்கின் மஞ்சள் ஒளியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். துடைக்கக்கூடிய, லேசான பளபளப்புள்ள சாயமாக வாங்குங்கள். விளக்குப் புகை நேராகப் படியும் இடத்தில் மட்டும் ஓடு பதித்துவிடுங்கள்.