விக் நகரில் எந்தப் பள்ளி என்பதற்கு முன்னால், எந்த வகுப்பு?

அன்புள்ள சகோதரிக்கு,

ஸ்காட்லாந்தின் வடகோடியில், விக் நகரத்து மருத்துவமனையில் செவிலியராக ஜனவரியில் சேரப்போகிறீர்கள். மகன் பத்தாவது, மகள் எட்டாவது. அங்கே எது நல்ல பள்ளி, அட்மிஷன் கிடைக்குமா, பையனுக்கு ஒரு வருடம் வீணாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கவலையெல்லாம் முதல் இரண்டில் இருக்கிறது. எனக்கு மூன்றாவதுதான் பெரிதாகத் தெரிகிறது.

அட்மிஷனை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அரசுப் பள்ளிகளைக் கவுன்சில்கள் என்ற உள்ளாட்சி அமைப்புகள்தான் நடத்துகின்றன. கட்டணம் கிடையாது, நுழைவுத் தேர்வு கிடையாது. நீங்கள் குடியிருக்கும் முகவரி எந்தப் பள்ளியின் எல்லைக்குள் வருகிறதோ, அந்தப் பள்ளியில் இடம் கேட்கலாம். ஹைலேண்ட் கவுன்சிலின் கீழ் 29 உயர்நிலைப் பள்ளிகள் உண்டு, ஆனால் உங்கள் பக்கத்தில் இரண்டுதான்: விக் ஹை ஸ்கூல், 20 மைல் தள்ளி தர்சோ ஹை ஸ்கூல். அடுத்த பெரிய ஊரான இன்வர்னஸ் நூறு மைலுக்கு அப்பால். ஆகவே சென்னையில் பத்துப் பள்ளிகளை அலசுவதுபோல இங்கே அலச வேலையில்லை. வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போதே பள்ளியையும் தேர்ந்தெடுத்துவிடுகிறீர்கள்.

இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். சேர்ந்த புதிதில் கிடைக்கும் தற்காலிக வீடு ஒரு பள்ளி எல்லையில் இருக்கும், பிறகு அமையும் வாடகை வீடு இன்னொன்றில் இருக்கும். கிராமப்புற ஸ்காட்லாந்தில் வாடகை வீடு கிடைப்பதே கஷ்டம். ஜனவரியில் நீங்கள் முன்னால் போய், பிள்ளைகள் வருவதற்குள் நிலையான வீட்டைப் பிடித்துவிடுங்கள். எல்லைக்கு வெளியே உள்ள பள்ளிதான் வேண்டுமென்றால் அதற்குத் தனி விண்ணப்பம் உண்டு. மார்ச் 15க்குள் கொடுத்தால் ஏப்ரல் 30க்குள் முடிவு சொல்வார்கள். ஆனால் அப்படிச் சேர்ந்தால் கவுன்சிலின் இலவசப் பள்ளி வாகனம் பொதுவாகக் கிடைக்காது. சொந்த எல்லைக்குள் என்றால், எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி 3 மைலுக்கு மேல் இருந்தாலே வாகன வசதி செய்து தரவேண்டும் என்பது சட்டம்.

இப்போது மகன் விஷயத்துக்கு வருகிறேன்.

ஸ்காட்லாந்தில் ஆரம்பப் பள்ளி ஏழு ஆண்டு, உயர்நிலைப் பள்ளி ஆறு ஆண்டு. அந்த ஆறையும் எஸ்1, எஸ்2 என்று எண்ணிக்கொண்டு போவார்கள். எஸ்4இல் நம் பத்தாவது பொதுத்தேர்வு போன்ற நேஷனல் 5 தேர்வுகள், எஸ்5இல் அதற்கு அடுத்த நிலையான ஹையர், எஸ்6இல் அட்வான்ஸ்டு ஹையர் அல்லது விட்டுப்போன ஹையர்கள். பல்கலைக்கழகங்கள் முக்கியமாகப் பார்ப்பது ஹையர் மதிப்பெண்ணை. எஸ்4 என்பது பள்ளிப் படிப்பின் பதினோராவது ஆண்டு. பத்தாவது முடித்தவன் எஸ்4இல் சேர்ந்தால் ஒரு வருடமும் வீணாவதில்லை. "பத்தாவது முடித்தவனை மறுபடி பத்தாவது பரீட்சை எழுத வைக்கிறார்களே" என்று பெற்றோர் பதறுவது இந்தக் கணக்கைப் பார்க்காததால்தான்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அவர்கள் வகுப்பை ஒதுக்குவது நம் மார்க் ஷீட்டைப் பார்த்து அல்ல, பிறந்த தேதியைப் பார்த்து. மார்ச் முதல் அடுத்த பிப்ரவரி வரை பிறந்தவர்கள் ஒரு வகுப்பு. நம் ஊர்க் கணக்கு ஜூலை கடைசியோடு வெட்டும். உங்கள் மகன் பிறந்தது 2010 நவம்பர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் கணக்குப்படி 2026 ஆகஸ்டில் அவன் எஸ்5இல் உட்கார வேண்டியவன். அவனோடு இங்கே ஒரே பெஞ்சில் உட்காரும், 2011 மே மாதம் பிறந்த நண்பனோ எஸ்4க்குப் போவான். ஆறு மாத இடைவெளியில் ஒரு முழு வகுப்பு மாறிவிடுகிறது.

எஸ்5 என்றால் என்ன ஆகும்? புது நாடு, புது உச்சரிப்பு, அந்தக் குளிர். அதற்கு நடுவே ஆகஸ்டில் சேர்ந்து அடுத்த மே மாதத்துக்குள் ஹையர் எழுத வேண்டும். கணக்கிலும் அறிவியலிலும் நம் பிள்ளைகள் சமாளித்துவிடுவார்கள். ஹையர் ஆங்கிலம்தான் இடிக்கும். படித்த இலக்கியத்தைப் பற்றி விமர்சனக் கட்டுரை, முன்பின் பார்க்காத பத்தியை அலசிப் பதில் எழுதுவது, சொந்தமாக எழுதிய படைப்பு என்று அது வேறு மாதிரியான படிப்பு. கைடு புத்தகத்தை மனப்பாடம் செய்து ஒப்பேற்ற முடியாது. எஸ்5இல் சிலவற்றை நேஷனல் 5 நிலையிலும் சிலவற்றை ஹையர் நிலையிலும் எடுக்கலாம்தான். ஆனாலும் உங்கள் மகனுக்கு என் சிபாரிசு எஸ்4. அங்கே ஜனவரி, பிப்ரவரியில் பிறந்த பிள்ளைகளில் பலர் ஒரு வருடம் தாமதமாகவே பள்ளியில் சேர்கிறார்கள். ஆகவே வகுப்பில் இவன் மட்டும் மூத்தவனாகத் தனித்துத் தெரியமாட்டான். ஆனால் பள்ளி தானாக இதைச் செய்யாது. நீங்கள் காரணத்தோடு எழுதிக் கேட்கவேண்டும், அதுவும் அவன் வந்து இறங்குவதற்கு முன்பே.

எஸ்4 வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம் பணம். ஸ்காட்லாந்துவாசி என்ற தகுதி பெற்ற மாணவருக்குப் பட்டப்படிப்புக் கட்டணத்தை சாஸ் என்ற அரசு அமைப்பு கட்டிவிடும். வெளிநாட்டு மாணவர் என்று வகைப்படுத்தப்பட்டால் கட்டணம் பல மடங்கு. அந்தத் தகுதிக்கான அடிப்படை நிபந்தனைகளில் ஒன்று, படிப்பு தொடங்கும் ஆண்டின் ஆகஸ்ட் 1ஆம் தேதிக்கு முன்னால் மூன்று ஆண்டுகள் பிரிட்டனில் வசித்திருப்பது. 2026 ஜூனில் வந்து எஸ்4, எஸ்5, எஸ்6 முடித்தால் 2029 ஆகஸ்ட் 1க்கு மூன்று ஆண்டு நிறைந்திருக்கும். எஸ்5இல் சேர்ந்து 2028இல் முடித்தால் இரண்டுதான். விசா வகையையும் சேர்த்துத்தான் முடிவு செய்வார்கள். அதனால் உங்கள் விசா விவரத்தோடு சாஸுக்கு இப்போதே எழுதி, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரியிலேயே பிள்ளைகளையும் அழைத்துப் போகலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். மகன் மார்ச்சில் பொதுத்தேர்வை எழுதட்டும். அந்தச் சான்றிதழ் இந்தியாவில் எதற்குப் போனாலும் கேட்பார்கள். தேர்வு முடிந்ததும் உங்கள் கணவரோடு இருவரும் கிளம்பலாம், ஆனால் ஆகஸ்ட் வரை தள்ளாதீர்கள். அங்கே பல பள்ளிகளில் மே மாதத் தேர்வுகள் முடிந்த கையோடு ஜூனிலேயே அடுத்த வகுப்புப் பாடங்களைத் தொடங்கிவிடுவார்கள். அந்த நான்கு வாரம் கிடைத்தால், கோடை விடுமுறைக்கு முன் இரண்டு நண்பர்களாவது சேர்ந்துவிடுவார்கள். பதினைந்து வயதுப் பையனுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நாம் குறைத்து எடைபோடக்கூடாது.

பாடத் தேர்வுக்கு வருவோம். மகனுக்கு மருத்துவக் கனவு என்கிறீர்கள். எஸ்5இல் வழக்கமாக ஐந்து ஹையர். ஆங்கிலம், கணக்கு, வேதியியல், உயிரியல், இயற்பியல் என்றால் ஐந்தும் நிரம்பிவிடும். சிறிய பள்ளிகளில் பாடங்களைக் கட்டம் கட்டமாக அடுக்கி, ஒரு கட்டத்துக்கு ஒன்று எடுக்கச் சொல்வார்கள். இயற்பியலும் உயிரியலும் ஒரே கட்டத்தில் விழுந்தால் ஒன்றை விட்டாக வேண்டும். பின்னால் நீட் எழுதும் யோசனை துளியளவு இருந்தாலும் இரண்டில் எதையும் விடக்கூடாது. அந்தக் கட்ட அட்டவணையைப் பொதுவாக ஆண்டின் முதல் மூன்று மாதங்களுக்குள், பிள்ளைகளின் விருப்பத்தை வாங்கித்தான் முடிவு செய்கிறார்கள். உங்கள் மகன் அப்போது ஊரில் பொதுத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாலும், அவன் விருப்பம் அந்த மேசைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

போதிய பேர் சேராத பாடத்தைப் பள்ளி நடத்தாமல் விட்டுவிடலாம், அல்லது நேஷனல் 5 மாணவர்களையும் ஹையர் மாணவர்களையும் ஒரே வகுப்பறையில் வைத்து நடத்தலாம். அதற்காகச் சிறிய பள்ளியை மட்டமாக நினைக்க வேண்டாம். மேற்குத் தீவுகளின் கவுன்சில் 2016இல் தொடங்கிய ஈ-ஸ்கோல் என்ற இணையவழி நேரலை வகுப்புகள் மூலம், தங்கள் பள்ளியில் இல்லாத பாடத்தையும் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆசிரியர்களுக்கு ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லித் தெரியும். பத்திரிகைகள் போடும் தரவரிசைப் பட்டியலை ஒதுக்கிவிடுங்கள். இருபது பேர் உள்ள வகுப்பில் ஒரே ஒரு பிள்ளை சறுக்கினால் ஐந்து சதவீதம் இறங்கிவிடும். அதற்குப் பதிலாக, பள்ளி ஆண்டுதோறும் வெளியிடும் கையேட்டையும் பள்ளி ஆய்வாளர்களின் ஆய்வறிக்கையையும் முழுதாகப் படியுங்கள்.

மகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மே மாதம் பிறந்தவள், எஸ்2க்குப் போவாள். எஸ்3 முடிய பல பாடங்களையும் தொடும் பொதுக் கல்விதான், பொதுத்தேர்வு எதுவும் கிடையாது. வயலின் கற்கிறாள் என்றீர்கள், விடாமல் எடுத்துப் போகச் சொல்லுங்கள். அரசுப் பள்ளிகளில் இசைக்கருவிப் பயிற்சிக்கு 2021 முதல் கட்டணம் இல்லை. அந்த வட்டாரத்தில் வயலின் உயிரோடு இருக்கும் வாத்தியம். தமிழை ஒரு தேர்வுப் பாடமாக அங்கே எழுத வழியில்லை, அதை வீட்டில்தான் காப்பாற்ற வேண்டும்.

குளிர்காலத்தை இருவருக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். டிசம்பரில் விக்கில் சூரியன் உதிக்கவே காலை ஒன்பது மணி ஆகும், மாலை மூன்றரைக்குள் அடைந்துவிடும். இருட்டில் பஸ் ஏறி இருட்டில் இறங்குவார்கள். ஊருக்கு வெளியே வீடு எடுத்தால், பள்ளி முடிந்தபின் விளையாட்டுக்கோ இசைக்குழுவுக்கோ தங்கும் பிள்ளை எந்த பஸ்ஸில் திரும்பும் என்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். 22 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஸ்காட்லாந்து முழுவதும் பஸ் இலவசம், அதற்கான அட்டைக்கு வந்த வாரமே விண்ணப்பியுங்கள். பஸ் இலவசமாக இருந்தாலும் மாலை ஐந்து மணிக்கு உங்கள் ஊருக்கு ஒரு பஸ் இருக்கவேண்டுமே.

இந்த வாரம் செய்யவேண்டியது, விக் ஹை ஸ்கூல் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல். இரு பிள்ளைகளின் பிறந்த தேதி, இதுவரையான மதிப்பெண் பட்டியல், வரப்போகும் மாதம் இவற்றோடு மூன்று கேள்விகள் போதும்: மகனை எஸ்4இல் சேர்ப்பீர்களா, மூன்று அறிவியலும் ஹையர் வரை ஒன்றாக எடுக்க முடியுமா, பாட விருப்பப் படிவத்தை எப்போது அனுப்புவீர்கள். கைடன்ஸ் டீச்சர் என்று ஒருவர் ஒவ்வொரு மாணவருக்கும் பொறுப்பாக இருப்பார், அவரிடம் வீடியோ அழைப்புக்கு நேரம் கேளுங்கள். அந்த அழைப்பில் நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும், மகனே பேசட்டும். அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் வைத்துக்கொண்டால் அவனுக்கும் படிப்பு கெடாது. ஆனால் அங்கும் கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் பள்ளி மூடியிருக்கும், தேதியைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.